தலைகீழாக ஒரு பல்கனி

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு மணி அடித்தது.

அடித்த விதத்திலேயே தெரிந்துவிட்டது — இது விருந்தாளி இல்லை. விரலை எடுக்காமல் அடிக்கிற மணிக்கு வெள்ளவத்தை ஃப்ளாட்டுகளில் இரண்டே அர்த்தம்தான். ஒன்று, மேல் வீட்டில் தண்ணீர் ஒழுகுகிறது. இல்லாவிட்டால் சண்டை!

தண்ணீர் ஒழுகவில்லை.

கதவைத் திறந்தேன். முப்பத்தைந்து வயது மதிக்கக்கூடிய ஓர் இளைஞர். தலையில் தொப்பி. பள்ளியில் அஸர் தொழுதுவிட்டு நேரே வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது. லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறி வந்திருக்க வேண்டும்.

"அங்கிள், நான் ரிஸ்வான். எதிர் பில்டிங்."

"ஓம் தம்பி, சொல்லுங்கோ."

"உங்கட ஜன்னல முழுசா கறுப்புல மூடி ஈக்கி. நடுவுல ஒரு ஓட்டை ஈக்கி. அந்த ஓட்டை நேரா எங்கட ஊட்டத்தான் பாக்குது. கெமரா வெச்சி ஈக்கீங்களா?"

இப்போது நீங்களே சொல்லுங்கள்... இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? 'இல்லை' என்றால் பொய். 'ஓம்' என்றால் பொலிஸ்!

நான் முழுசினேன். முழுசியதைப் பார்த்து அவருடைய முகம் இன்னும் இறுகியது.

என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு என் குணம் தெரியும். ஒன்றைப் பிடித்தால் குரங்குப் பிடிதான். இந்தத் தடவை நான் பிடித்தது ஊசித்துளைக் கெமரா. லென்ஸ் கிடையாது, பட்டன் கிடையாது, பற்றரி கிடையாது. வெளிச்சம் புகாத ஒரு டப்பா. அதில் ஊசியால் ஒரு துளை. உள்ளே ஃபோட்டோ தாள். துளை வழியாக உள்ளே போகிற வெளிச்சம், வெளியே இருப்பதைத் தலைகீழாகத் தாளில் வரைந்துவிடும். அவ்வளவுதான்!

அவ்வளவுதான் என்று எழுத எவ்வளவு சுகமாக இருக்கிறது...

பால்மா டின்னுக்கு உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்தேன். குளிர்பான டின் ஒன்றை வெட்டி, அந்தத் தகட்டில் சுகந்தியின் தையல் ஊசியால் குத்தினேன். (சுகந்தி என் மனைவி. ஊசி போனது அவளுக்கு இன்னும் கோபம்.) கொட்டாஞ்சேனையில் ஒருவர் இணையத்தில் விளம்பரம் போட்டு, பழைய ஃபோட்டோ தாள் ஒரு பெட்டி தந்தார். குளியலறையில் சிவப்பு பல்ப் மாட்டினேன். குளிக்கப் போனவள் வெளியே வந்து, "இது வீடோ, சாத்திரியாற்றை அறையோ?" என்று கேட்டாள்.

முதல் படம் முழுக்கக் கறுப்பு. இரண்டாவது முழுக்க வெள்ளை. பிறகு வந்தவற்றில் ஏதோ இருந்தது — என்ன என்றுதான் தெரியவில்லை. கடற்கரையில் போய் ரயில் பாதையை எடுத்தேன். கருகின தோசை மாதிரி ஒன்று வந்தது.

"கையில இருக்கிற போனை ஒரு தட்டுத் தட்டினால் படம் வருது. இந்த மனுசன் டின்னுக்குள்ள தலையை விட்டுக்கொண்டு நிக்குது..." இது சுகந்தி, தொலைபேசியில், தன் தங்கையிடம். எனக்குக் கேட்கட்டும் என்றேதான் சொன்னாள்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. சின்ன டின்னில் சரிவராவிட்டால் என்ன, பெரிய டின் இல்லையா? மகன் வெளிநாடு போன பிறகு அவனுடைய அறை சும்மாதானே கிடக்கிறது! ஜன்னலுக்கு ரெஜிஃபோம் என்கிற வெள்ளை நுரை அட்டைகளை வெட்டிப் பொருத்தி, மேலே கறுப்புப் பொலித்தீன் போட்டு, ஓரமெல்லாம் கம் டேப் ஒட்டினேன். கதவுக்கு இரட்டைக் கறுப்புத் துணி. ஜன்னல் நடுவில் சட்டைப் பொத்தான் அளவில் ஓர் ஓட்டை. அதை மூடவும் திறக்கவும் ஒரு சின்ன அட்டை மூடி.

மூடியைத் திறந்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை நின்றேன். அப்புறம்... அடடா! எங்கள் ஒழுங்கை முழுவதும் அறைக்குள் வந்துவிட்டது. ரோட்டு சீலிங்கில் ஓடுகிறது. ஆட்கள் தலைகீழாக நடக்கிறார்கள். எதிர்க் கட்டிடம் சுவரில் தொங்குகிறது. அதன் கீழே நிலத்தில் ஆகாயம். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அந்தச் சந்தோசத்தில் ஒரு விசயத்தை யோசிக்கவேயில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அது எப்படி இருக்கும்? கறுப்பாக மூடிய ஜன்னல். நடுவே ஓர் ஓட்டை. பின்னால் யாரோ.

வாசலில் நின்ற ரிஸ்வான் அதைத்தான் சொன்னார்.

"என்ட வைஃப் மூணு நாளா பல்கனிக்கு வாறல்ல அங்கிள். உடுப்புக் காயப்போடவும் வாறல்ல. ஒவ்வொரு நாளும் பின்னேரம் சூன் பாண் வந்தா, தாயும் மகளும் பல்கனில நிண்டு கை காட்டுவாங்க. இப்ப அதுவும் இல்ல. நாலு வயசுப் புள்ளய ஊட்டுக்குள்ள பூட்டி வெக்கேலுமா?"

சூன் பாண் உங்களுக்குத் தெரியும். பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிஸும் விற்றுவருகிற பேக்கரி ஆட்டோ. எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகளுக்கு அதுதான் தேர்.

எனக்கு முகம் சுட்டது. நாலு வருசமாக எதிரெதிரே இருக்கிறோம். அவருடைய பெயர்கூட அன்றைக்குத்தான் தெரியும். அந்த வீட்டில் ஒரு பிள்ளை இருப்பதே எனக்குத் தெரியாது. அதையே நான் பெருமையாகச் சொன்னேன் — "சத்தியமாத் தம்பி, நான் உங்கட வீட்டுப் பக்கம் திரும்பியும் பாக்கிறேல்லை!"

"அப்ப ஓட்டை?"

பின்னால் வந்து நின்ற சுகந்தி, "உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோவன். வாயால சொன்னா ஆர் நம்புவினம்?" என்றாள். அவள் சொன்னது சரி. ஆனால் என் வாய் சும்மா இருக்காதே!

"காட்டுறது மட்டுமில்லைத் தம்பி. உங்கட கண்ணுக்கு முன்னாலயே படம் எடுத்துக் கழுவித் தாறன். அதில ஒரு மனுசர் இருந்தா எனக்கு என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ. இந்தக் கெமராவில அசையிற ஆக்கள் வரமாட்டினம். அசையாமல் கனநேரம் இருக்கிறது மட்டும்தான் வரும். சுவர், கம்பி, கதிரை, பூச்சட்டி... அவ்வளவுதான்."

அவர் நம்பவில்லை. ஆனாலும் செருப்பைக் கழற்றினார்.

சிவப்பு பல்ப் வெளிச்சத்தில் ஃபோட்டோ தாள்களைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். ரிஸ்வான் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தச் சிவப்பில் எவரைப் பார்த்தாலும் கொலைகாரர் மாதிரித்தான் இருக்கும். அவருக்கும் என்னைப் பார்க்க அப்படித்தான் இருந்திருக்கும்.

பல்பை அணைத்தேன். ஓட்டையின் மூடியைத் திறந்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்ல மெல்ல எதிர்க் கட்டிடம் வெள்ளைத் தாளில் வந்து இறங்கியது. பின்னேர வெயில் அதன் முகத்தில் அடித்தபடியால் நிறம்கூடத் தெரிந்தது.

"சுப்ஹானல்லாஹ்..." என்றார் ரிஸ்வான். குரல் மாறிவிட்டது. "இது கெமரா இல்லாமலா?"

"இந்த அறைதான் கெமரா. நீங்களும் நானும் கெமராவுக்குள்ள நிக்கிறம்."

"எல்லாம் தலைகீழா ஈக்கி."

"ஓம், அது அப்படித்தான் விழும்."

நான் சொன்னது அவ்வளவுதான். பாதிதான் சொன்னேன் என்பது எனக்கே அப்போது உறைக்கவில்லை.

தாள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் சும்மா நின்றோம். அவர் இப்போது ஆர்வமாகிவிட்டார். சீலிங்கில் யாரோ குடையோடு தலைகீழாக நடந்து போவதைப் பார்த்துச் சின்னதாகச் சிரிக்கவும் செய்தார். சரி, தப்பினோம் என்று நினைத்தேன்.

"அங்கிள், அங்க ஏதோ அசையுதே?"

பார்த்தேன். மூன்றாம் மாடியில் இரண்டு வீடுகள். இரண்டு பல்கனிகள். ஒரு பல்கனியில் மஞ்சளாக ஒரு பொட்டு. அது ஏதோ வெள்ளையான ஒன்றை இழுத்துக்கொண்டு கம்பிப் பக்கம் வந்தது. நின்றது. பிறகு மஞ்சள் பொட்டு, வெள்ளையின்மேல் போய்விட்டது. தலைகீழாகப் பார்க்கிற கண்ணுக்கு மேலே ஏறுவது கீழே இறங்குவது மாதிரி இருந்தது. அதனால் எங்களுக்கு உடனே விளங்கவில்லை.

"பிள்ளை போல..." என்றேன். "ஸ்டூலில ஏறுது."

"கடல் பக்கத்து ஊடு அது." ரிஸ்வானுக்குக் கோபம் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை என்மேல் இல்லை. "பாருங்க அங்கிள், புள்ளய பல்கனில தனிய உட்டுட்டு என்ன செய்றாங்க? தாய் தகப்பன் ஈக்காங்களா இல்லையா? சின்னப் புள்ள ஸ்டூலத் தூக்கிட்டு வாற மட்டும் என்ன பாத்திட்டு ஈக்காங்க? இப்பிடி ஆக்களுக்கெல்லாம் அல்லாஹ் ஏன்தான் புள்ளயக் குடுக்குறானோ!"

"அது கடல் பக்கத்து வீடுதானே?" என்று கேட்டேன். வெள்ளவத்தைக்காரர்களுக்கு இடம் வலம் கிடையாது. கடல் பக்கம், இல்லாவிட்டால் காலி ஊருக்குப் போகிற பெருவீதியான காலி வீதிப் பக்கம். கண்ணைக் கட்டிவிட்டாலும் கடல் எந்தப் பக்கம் என்று கை நீட்டுவோம்.

"ஓம் ஓம். எங்கட ஊடு காலி வீதிப் பக்கம்." அறையின் மற்றப் பக்கத்தைக் காட்டினார். அந்தப் பல்கனி காலியாக இருந்தது. நிம்மதியான, காலியான பல்கனி.

"நான் போய் அவங்கட்ட செல்லிட்டு வாறேன்," என்று திரும்பினார்.

அந்த நேரம் பாட்டுக் கேட்டது. சூன் பாண்.

பாட்டு என் காதுக்குக் காலி வீதிப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கிருந்துதான் எப்போதும் வரும். நான் அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தேன். ஆட்டோ ஊர்ந்து வந்தது... கடல் பக்கத்திலிருந்து.



ஓட்டை வழியாக வருகிற வெளிச்சம் குறுக்காகப் போகும். மேலே இருப்பது கீழே விழும். இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கம் விழும். டின்னோடு மல்லுக்கட்டின இத்தனை நாளும் எனக்குத் தெரிந்த விசயம்! தலைகீழ் என்று மட்டும் சொல்லிவிட்டு, பக்கமும் மாறும் என்பதைச் சொல்லாமல் நின்றிருக்கிறேன்.

"தம்பி," என்றேன். "தம்பி, இதில பக்கமும் மாறித்தான் விழும். கடல் பக்கத்தில தெரியிறது... காலி வீதிப் பக்கத்து வீடு."

அவர் ஒரே எட்டில் ஜன்னலுக்குப் போய் ஓட்டையில் கண்ணை வைத்தார்.

அவருடைய தலை மறைத்ததும் சுவரிலிருந்த எல்லாம் அணைந்துவிட்டது. கட்டிடம் இல்லை, பல்கனி இல்லை, பிள்ளை இல்லை. கும்மிருட்டு. அந்த இருட்டில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.

"யா அல்லாஹ்... ஹனா."

நான் கத்த வாயெடுத்தேன். இருட்டுக்குள் அவருடைய கை எப்படியோ என் கையைப் பிடித்துவிட்டது.

"கத்தாதீங்க! கூப்பிட்டா எங்கேண்டு எட்டிப் பாப்பா."

துணிக்கு வெளியே நின்ற சுகந்திக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. "தாய் எங்கை?" என்றாள்.

"தொழுகைல ஈப்பா. உள் ரூம்ல. போன் சைலண்ட்ல போட்டிருப்பா." அவர் வெளியே ஓடத் திரும்பினார்.

"நீங்க போகாதேங்கோ!" சுகந்தியின் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "ரோட்டில உங்களைக் கண்டா வாப்பா எண்டு எட்டும். என்னை அதுக்குத் தெரியாது. நான் போறன்."

முழங்கால் நோ என்று சந்தைக்குக்கூட ஆட்டோவில் போகிறவள். படிகளில் அவளுடைய செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கியதைக் கேட்டேன்.

ரிஸ்வான் கண்ணை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. இந்த ஓட்டையால் தன் வீட்டைப் பார்க்கிறார்கள் என்றுதானே சண்டைக்கு வந்தார்? இப்போது அதே ஓட்டையில் முகத்தைப் பதித்துக்கொண்டு, தன் வீட்டைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாட்டு நெருங்கியது.

"பிள்ளை எதுக்கு உள்ளுக்கு ஓடும்?" என்று கேட்டேன். என் மூளை அன்றைக்கு உருப்படியாகச் செய்த ஒரே வேலை அந்தக் கேள்விதான். "என்ன சத்தம் கேட்டா ஓடும்?"

"டெப்!" என்றார். "நான் வேலைல இருந்து புள்ளட டெப்லட்டுக்கு வீடியோ கோல் எடுப்பேன். அது அடிச்சா ஓடி வருவா."

போனைப் பின்பக்கமாக நீட்டினார். திறக்க விரல் வேண்டும். அவர் கண்ணை ஓட்டையிலேயே வைத்துக்கொண்டு பெருவிரலை நீட்ட, நான் இருட்டில் தடவி அதைப் போனில் வைத்து அழுத்தினேன். திரையில் வெளிச்சம் வரப்போகிறது என்றதும் துணிக்கு வெளியே பாய்ந்தேன். ஃபோட்டோ தாள் இருக்கிற அறையில் வெளிச்சம் காட்டக்கூடாது... அந்த நேரத்திலும் பழக்கம் விடவில்லை பாருங்கள். மனுசன் என்ன பிறவியோ!

'ஹனா டெப்' என்று இருந்தது. அழுத்தினேன்.

அடித்தது. அடித்தது. அடித்துக்கொண்டேயிருந்தது.

"என்ன செய்றா?" என்று துணிக்கு வெளியே நின்று கேட்டேன்.

"இறங்கல்ல."

"கேக்கேல்லையோ?"

"பாட்டுச் சத்தம். பாண்காரன் கீழ நிப்பாட்டிட்டான். எங்கட கேட் கிட்ட." அவர் பேசிய விதத்தில் பல் கிட்டுவது தெரிந்தது. "கை காட்டுறா. அவன் மேல பாக்கிறான் இல்ல. இன்னம் எட்டுறா... வயிறு கம்பில... அங்கிள், கால் ஸ்டூல்ல இல்ல. ரெண்டு காலும் ஸ்டூல்ல இல்ல."

கோல் தானாகவே வெட்டுப்பட்டுவிட்டது. மறுபடியும் அழுத்தினேன். விரல் வழுக்கியது. மறுபடியும். முருகா, முருகா என்று எனக்குத் தெரிந்த ஒரே மந்திரத்தைச் சொன்னேன். உள்ளே அவர் தன் மொழியில் ஓதிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கறுப்புத் துணி.

அடித்தது.

பாட்டு நின்றது. யாரோ பாண் வாங்கி, காசு கொடுத்து, மிச்சம் வாங்குகிற சத்தம். சுகந்தி இப்போது எங்கே? ரோட்டிலா? அவர்களுடைய லிஃப்டிலா? அடித்துக்கொண்டிருந்தது.

"காணல்ல," என்றார் ரிஸ்வான்.

"என்ன?"

"காணல்ல! புள்ளயக் காணல்ல!"

இறங்கிவிட்டாளா? இல்லை... அந்த ஓட்டையில் பல்கனியும் ரோட்டும் தெரியும். பல்கனிக்கு நேர் கீழே, மதிலுக்குப் பின்னால் உள்ள நிலம் தெரியாது. கீழேயிருந்து ஒரு சத்தம் வருமோ என்று கேட்டுக்கொண்டு நின்றேனே, அந்த நேரத்தை என் எதிரிக்கும் கடவுள் தரக்கூடாது.

போனின் திரை வெள்ளையானது. அதில் ஏதோ சுற்றியது. சுற்றிக்கொண்டேயிருந்தது. என்னவென்று விளங்க எனக்குக் கொஞ்சம் பிடித்தது. சீலிங் ஃபேன்.

"வாப்பா! பணிஸ் வந்திச்சி!"

நான் துணியைக் கிழிக்காத குறையாக உள்ளே போய்ப் போனை நீட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். திரையில் இப்போது ஒரு மூக்கும், பாதிக் கன்னமும், மஞ்சள் சட்டையின் கழுத்தும் தெரிந்தன. அவர் அதைப் பார்த்தார், பேச வாயைத் திறந்தார், அப்படியே சுவரோடு சரிந்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஆகவே நான்தான் பேச வேண்டியிருந்தது.

"ஹனா... ஹலோ... டெப்பை வைக்காதேங்கோ பிள்ளை. மாமாவோட கதையுங்கோ."

"நீங்க யாரு?"

"நான்... எதிர்வீட்டு மாமா."

"வாப்பாட போன் ஏன் உங்கள்ட்ட ஈக்கி?"

நியாயமான கேள்வி. வாழ்க்கையில் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். அந்தப் பிள்ளையைப் பிடித்துவைக்க ஒரு சொல் அகப்படவில்லை. பணிஸ் என்ன பணிஸ் என்று கேட்டேன். சீனிப் பணிஸ் என்றாள். மாமாவுக்கும் சீனிப் பணிஸ்தான் விருப்பம் என்றேன். மாமாவுக்கு ஏன் தலையில் முடி இல்லை என்று கேட்டாள். அதைப் பற்றிப் பேசிக்கொண்டோம். என் வழுக்கையைப் பற்றி அவ்வளவு விரிவாக, அவ்வளவு சந்தோசமாக நான் யாரோடும் பேசியதில்லை.

பிறகு திரையில் தொழுகை உடுப்போடு ஒரு பெண் வந்தார். அதே நேரம் அங்கே மணி அடித்தது. விரலை எடுக்காமல் அடித்த மணி. சுகந்தி!

கதவைத் திறந்ததும் சுகந்தி ஒரு வார்த்தை சொல்லாமல், தாயையும் தள்ளிக்கொண்டு நேரே பல்கனிக்குப் போயிருக்கிறாள். ரிஸ்வானின் தலை இப்போது ஓட்டையில் இல்லையே — எங்கள் சுவரில் எதிர்க் கட்டிடம் திரும்ப வந்திருந்தது. ஒரு தலைகீழ்ச் சுகந்தி, பல்கனியிலிருந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவதை நான் பார்த்தேன். கட்டின நாளிலிருந்து இன்றுவரை அவள் எனக்கு அவ்வளவு வடிவாகத் தெரிந்ததில்லை.

ரிஸ்வான் நிலத்தில்தான் இருந்தார். அங்கிருந்தே சொன்னார்: "அந்தத் தகப்பனுக்கு ஏசினேனே அங்கிள்... சரியாத்தான் ஏசி ஈக்கேன்."

"விடுங்கோ தம்பி. பிள்ளையைத் தாய் பல்கனிக்குக் கூட்டி வராமல் போனதே என்ரை ஓட்டையாலதானே."

அவர் இல்லை என்று சொல்லவில்லை. சொல்வார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஓட்டையை மூடிவிட்டு அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.

அடுத்த வீட்டுக்காரன் எப்படிப் பிள்ளை வளர்க்கிறான் என்பது நம் எல்லோருக்கும் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது! பக்கம் மாறினால்தான் ஏச்சு நிற்கிறது. அன்றைக்கு அவருக்கு மாறியது. எனக்கும், உங்களுக்கும் எந்த நிமிசத்திலும் மாறலாம்.

சுகந்தி திரும்பி வந்து முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் குளியலறையில் தாள்களைக் கழுவினேன். ஏன் கழுவினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கை சும்மா இருக்கவில்லை.

மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு ரிஸ்வான் குடும்பத்தோடு வந்தார். மனைவி நஸ்ரீன் அழுது வீங்கிய கண்ணோடு, ஒரு பேசின் நிறைய வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தார். சுகந்தியும் அவரும் சமையலறைக்குள் போய்விட்டார்கள். ஹனா வந்ததும் வராததுமாக என் மடியில் ஏறிவிட்டாள். போனில் பார்த்த வழுக்கை நேரிலும் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தாள்.

"படம் வந்திச்சா அங்கிள்?" என்று ரிஸ்வான் கேட்டார்.

வந்திருந்தது. அதுதான் வேடிக்கை. இத்தனை டின், இத்தனை தாள், இத்தனை ஏச்சுக்குப் பிறகு முதல் தடவையாக உருப்படியாக ஒரு படம். ஓரம் கொஞ்சம் கறுத்திருந்தது, அவ்வளவுதான். இந்தத் தாளில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் விழும் என்று சொல்லி அவர் கையில் கொடுத்தேன். பல்கனிக் கம்பிகள் ஒவ்வொன்றாக எண்ணலாம். உடுப்புக் கொடி தெரிந்தது. கம்பியோடு ஒட்டி ஸ்டூல் தெரிந்தது, நாலு காலும் துலக்கமாக.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களே கூர்மையை!"

அவர் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தார். கிட்டக் கொண்டுபோனார்.

"புள்ள எங்க?"

"பிள்ளை வராது தம்பி. அசைஞ்சதெல்லாம் இதில வராது. நான் முதலே சொன்னன்தானே? ஸ்டூல் அசையாமல் நிண்டது. பிள்ளை..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய முகத்தைப் பார்த்தேன். என் வாய் தானாக மூடிக்கொண்டது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கூர்மையான படத்தை அல்ல. ஒரு பல்கனியை. கம்பியோரம் ஒரு ஸ்டூலை. அதன்மேல் யாரும் இல்லாததை.

"அங்கிள்," என்றார். "கிழிச்சிருங்க."

வாங்கினேன். நாலாகக் கிழித்தேன். எட்டாகக் கிழித்தேன். துளிக் கவலை இல்லை.

படத்தில் இல்லாதவள் என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கித் தன் முகத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.